டாக்டரம்மாவின் பக்கத்தில் இருந்தவர்

பென்சிலில் நான் வரைந்து கொண்டுபோயிருந்த படத்தை சிஸ்டர் இரண்டு கைகளாலும் வாங்கி, எழுந்து, வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார். ஒரு பெண் மருத்துவர் ஜன்னலோரம் உட்கார்ந்து அரிக்கேன் விளக்கில் படித்துக்கொண்டிருக்கிற படம் அது. அறையில் வேறு யாரும் இல்லை. ஜன்னலுக்கு வெளியே பிறை நிலாவும் ஒற்றைப் பனைமரமும் மட்டும். தெரு வழியாகப் போன ஆட்டு மந்தை கிளப்பிய புழுதி அடங்கும்வரை சிஸ்டர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு திரும்பி வந்து படத்தை என் மடியில் மெதுவாக வைத்துவிட்டு, "இம்புட்டுத் தனியாவா இருந்தாக?" என்று கேட்டார். என்னைக் கேட்டாரா, படத்தில் இருந்தவரைக் கேட்டாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அப்போது நான் திருத்தங்கலில் ஒரு மாடி அறையில் குடியிருந்தேன். சிவகாசியில் குழந்தைகளுக்கான படப் புத்தகங்கள் அச்சிடும் ஒரு கம்பெனியில் ஓவியர் வேலை. ஒரு பக்கம் பட்டாசு லேபிளும் காலண்டரும் ஓடிக்கொண்டிருக்கும். இன்னொரு பக்கம் பெரியவர்களின் வாழ்க்கையைப் பிள்ளைகளுக்குச் சொல்லும் மெல்லிய புத்தகங்கள் ஓடும். கடலில் கப்பல் விட்டவர், உப்பெடுக்க நடந்தவர், கணக்கிலேயே மூழ்கிக் கிடந்தவர், வாளோடு குதிரையேறிய ராணி என்று எத்தனையோ பேர் என் மேசை வழியாகத்தான் பள்ளிக்கூடங்களுக்குப் போனார்கள். முதல் பக்கத்தில் தொட்டில், அடுத்ததில் பள்ளிக்கூடம், பிறகு ஒரு கஷ்டம், அதன் பிறகு அவர் செய்த பெரிய காரியம், கடைசியில் மாலை போட்ட சிலை. யாருடைய வாழ்க்கையானாலும் அந்தப் பக்கங்களுக்குள் அடங்கியாக வேண்டும். "ஆளைப் பெருசாப் போடுங்க, மத்தவங்களைச் சின்னதாப் போடுங்க. பிள்ளைகளுக்குக் குழப்பம் வரக்கூடாது" என்பார் எங்கள் மேனேஜர். அப்படியே நானும் பழகிவிட்டேன். பெரிய மனிதர்களின் மனைவிமார், கூடப் பிறந்தவர்கள், சிநேகிதர்கள் எல்லாரும் என் படங்களில் முதுகு காட்டி நின்றார்கள். பெரிய மனிதர் மட்டும் நடுவில், தனியாக, வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். இதில் எனக்கு வருத்தம் எதுவும் இருந்ததில்லை. நானே தனியாள்தான். அம்மா போன பிறகு, அண்ணன் குடும்பத்தோடு கோயம்புத்தூரில் இருந்துகொண்டான். காலையில் நான் பூட்டிவிட்டுப் போன பூட்டை சாயங்காலம் நானே வந்து திறக்கிற வாழ்க்கை.

டாக்டரம்மாவைப் பற்றிய புத்தகம் ஒரு பள்ளிக்கூடத்தின் ஆர்டர். ஏழாயிரம்பண்ணைக்கு அப்பால், பட்டாசு ஆலைகளுக்கு நடுவில் உள்ள ஒரு கிராமத்தில் இருக்கிறது அந்தப் பள்ளி. ஒரு காலத்தில் அந்த இடத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி இருந்தது. நிலபுலன் உள்ள குடும்பத்தில் பிறந்து, மெட்ராஸில் டாக்டருக்குப் படித்து, வீட்டார் சொல்லைக் கேட்காமல் அந்தக் கரட்டுக் காட்டுக்கு வந்து, தீப்பட்டுத் தூக்கிவரப்பட்டவர்களுக்கு ஆயுள் முழுக்க வைத்தியம் பார்த்த ஒரு பெண்மணி அதை நடத்தினார். அவர் காலமான பிறகு, அவருடைய தம்பி மகன் அங்கே அவர் பெயரில் பள்ளிக்கூடம் கட்டினார். அவரேதான் தாளாளர். தங்கள் பள்ளிப் பிள்ளைகள் ஒவ்வொருவர் கையிலும் அத்தையின் கதை படமாக இருக்க வேண்டும் என்பது அவர் ஆசை. யாரோ ஒரு தமிழாசிரியர் கதையை எழுதிக் கொடுத்திருந்தார். "தன்னந்தனியாக வாழ்ந்து, தன்னந்தனியாகவே மறைந்தார்" என்று அது முடிந்தது.

படம் போடுவதற்கு அந்த வீடு எப்படி இருந்தது, அவர் என்ன சேலை கட்டுவார், கண்ணாடி போடுவாரா என்பதெல்லாம் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. தாளாளரிடம் இருந்தவை மேடையில் எடுத்த சில போட்டோக்கள் மட்டுமே. "மல்லாங்கிணறுல ஒரு அம்மா இருக்காங்க. ஆஸ்பத்திரியில நர்ஸா இருந்தவங்க. அவங்களைக் கேட்டா வீடு வாசல் எப்படி இருந்துச்சுன்னு சொல்வாங்க" என்று போனில் சொன்னார். அப்படித்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் விருதுநகர் போய், பஸ் மாறி, மல்லாங்கிணறில் இறங்கினேன். ஊரே அவரை சிஸ்டர் என்றுதான் கூப்பிட்டது. நானும் அப்படியே கூப்பிட்டேன். கன்னியாஸ்திரி இல்லை, நர்ஸ் வேலையால் வந்த பெயர். கல்யாணம் செய்துகொள்ளாதவர். தன் தம்பி மகன் வீட்டின் பக்கவாட்டில், தனி வாசல் வைத்த ஒரு அறையில் இருந்தார். காலையில் ஆராதனைக்குப் போய்வந்த வெள்ளைச் சேலையை மாற்றாமல், ஜெபப் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் வந்த காரியத்தைச் சொன்னதும், "டாக்டரம்மாவுக்கா? புஸ்தகமா?" என்று கேட்டார். உள்ளே போய் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்தார்.

அந்த முதல் நாளில்தான் ஜன்னலோரப் படத்தை அவரிடம் காட்டினேன். தமிழாசிரியர் எழுதியதையும் படித்துக் காட்டினேன். கடைசி வரி வந்ததும் சிஸ்டர் கையை உயர்த்தி என்னை நிறுத்தினார். "தனியாச் செத்தாகன்னு போடாதீக. நான் இருந்தேன்ல" என்றார். குரலில் கோபம் இல்லை. மருந்துச் சீட்டில் தப்பாக எழுதியிருக்கும் ஒன்றைத் திருத்துகிற குரல். பிறகு சொன்னார். ஒரு காலை வேளையில் டாக்டரம்மாவுக்குத் தலை சீவிவிட்டுக்கொண்டிருந்திருக்கிறார். அந்தக் கடைசி வருஷங்களில் டாக்டரம்மாவுக்குக் கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியாது. தினமும் சிஸ்டர்தான் பின்னிவிடுவார். "'ரொம்ப இறுக்காத, வலிக்கி'ன்னாக. தளத்திப் பின்னுனேன். முடிச்சுட்டு, கண்ணாடியக் காட்டுவோம்னு முன்னால வந்தா, போயிட்டாக." பத்து விரல்களையும் விரித்து, அந்தக் கூந்தல் இன்னும் அங்கே இருப்பதுபோல ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

டாக்டரம்மாவும் சிஸ்டரும் ஒரே வீட்டில் இருந்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இரண்டு அறையும் ஒரு சமையல்கட்டும் கொண்ட ஓட்டு வீடு. நர்ஸ் படிப்பை முடித்த கையோடு அங்கே வேலைக்கு வந்தவர் சிஸ்டர். தங்க இடமில்லாததால் சில நாட்களுக்கு என்று அந்த வீட்டில் பெட்டியை வைத்தவர், டாக்டரம்மாவை அடக்கம் செய்த பிறகுதான் அதை வெளியே எடுத்தார். ஒருவர் இந்து, ஒருவர் கிறிஸ்தவர். கிறிஸ்துமஸ் அன்று டாக்டரம்மா சிஸ்டரோடு கோயில் வாசல்வரை நடந்து வருவாராம். உள்ளே வரமாட்டார். ஆராதனை முடியும்வரை வேப்ப மரத்தடியில் நின்றுகொண்டிருப்பார். "உள்ள வாங்களேன், பெஞ்சு கெடக்குல்லன்னா, 'எனக்குப் பாட்டுத் தெரியாது, நீ போயிட்டு வா'ம்பாக. வெயிலு ஏறிரும். குடையப் பிடிச்சுக்கிட்டு நிப்பாக." இதைச் சொல்லும்போது சிஸ்டர் வாய்க்குள்ளேயே சிரித்தார்.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போனேன். வீடு எப்படி இருந்தது என்பதை முதல் நாளே தெரிந்துகொண்டுவிட்டேன். அதன் பிறகு போனதற்குப் படம் ஒரு சாக்குத்தான். சிஸ்டர் மரியாதையைக் குறைத்து என்னை 'நீ' என்றும் 'தாயி' என்றும் கூப்பிடத் தொடங்கியிருந்தார். நான் வரும் நேரத்துக்குச் சோறும் கத்தரிக்காய்க் குழம்பும் வைத்திருப்பார். சாப்பிட்டுக்கொண்டே அவர் சொல்லச் சொல்ல நான் கோடு போடுவேன். ஆஸ்பத்திரியைச் சுற்றி வாழை நின்றது என்றார். தீப்பட்ட உடம்பு துணியில் ஒட்டிக்கொள்ளும். அதனால் வாழையிலையைக் கொதிநீரில் காட்டி ஆறவைத்து, கட்டில் நீளத்துக்கு விரித்து, அதன் மேல்தான் படுக்கவைப்பார்கள். மழையில்லாத வருஷங்களில் ஊரில் குடிக்கவே தண்ணீர் இருக்காது. டாக்டரம்மாவும் சிஸ்டரும் தாங்கள் குளிக்கிற தண்ணீரை வாய்க்கால் வெட்டி வாழைக்கு விட்டார்கள். "குளிக்கிறதே வாழைக்காகத்தான்னு சொல்லிச் சிரிப்பாக" என்றார். அன்று நான் வரைந்த வாழைத் தோட்டப் படம்தான் பிற்பாடு அந்தப் புத்தகத்தின் அட்டையில் வந்தது. ஒருநாள் சிஸ்டர் திடீரென்று, "வீட்டுல ஒனக்கு யாரு தாயி இருக்கா?" என்று கேட்டார். "யாருமில்ல சிஸ்டர்" என்றேன். ஐயோ பாவம் என்ற பார்வை அவரிடம் வரவில்லை. இன்னொரு கரண்டி சோறு வைத்தார்.

தீபாவளி விஷயத்தைச் சொன்னது சீசன் மும்முரமாக இருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. லோடு ஏற்றிய லாரிகள் வழியை அடைத்துக்கொண்டு நின்றதால் நான் தாமதமாகப் போயிருந்தேன். தீபாவளிக்கு டாக்டரம்மா வீட்டில் என்ன பலகாரம் செய்வீர்கள் என்று நான் சாதாரணமாகத்தான் கேட்டேன். புத்தகத்தில் ஒரு பண்டிகைப் பக்கம் இருந்தால் பிள்ளைகளுக்குப் பிடிக்கும் என்று நினைத்திருந்தேன். சிஸ்டர் எழுந்துபோய்க் கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு வந்தார். "டாக்டரம்மாவுக்கு வெடிச் சத்தம்னா பயம்" என்றார்.

அந்தப் பகுதி முழுக்கத் தீபாவளி வெடிக்கும். தயார் செய்கிறவர்களின் ஊர். விற்றது போக மிஞ்சியதெல்லாம் அன்றைக்குத் தெருவில் வெடிக்கும். காலையில் முதல் சரம் வெடித்ததுமே டாக்டரம்மாவின் முகம் மாறிவிடும். எழுந்து, பஞ்சும் கட்டுத்துணியும் அடுக்கிவைத்திருக்கிற சின்ன அறைக்குள் போய், இரண்டு அலமாரிகளுக்கு நடுவில் தரையில் உட்கார்ந்துகொள்வார். காதில் பஞ்சு. சிஸ்டர் கதவைச் சாத்திவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொள்வார். "ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு பிள்ளையத் தூக்கிட்டு வாராகன்னு நெனச்சுக்கிருவாக. கை அப்பிடியே வேத்து ஊத்தும். விட மாட்டாக. நானும் விட மாட்டேன். நமக்குத் தீவாளி கெடையாதே, எனக்கு வேற சோலியும் இல்ல." சத்தம் ஓய்ந்ததும் எழுந்து, முகம் கழுவி, வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு போய் ஆஸ்பத்திரியைத் திறப்பாராம். அன்றைக்கு நிஜமாகவே யாராவது வந்தால் ஒரு சொட்டு நடுக்கம்கூட இல்லாமல் வைத்தியம் பார்ப்பார். "ஒருத்தருக்கும் தெரியாது. எனக்கு மட்டுந்தான் தெரியும்" என்றார் சிஸ்டர். கொஞ்சம் தயங்கிவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல், "அதப் போடுவியா?" என்று கேட்டார்.

அந்த வாரம் முழுக்க நான் வேறு எந்த வேலையும் செய்யவில்லை. துணிச் சுருள்களுக்கு நடுவில் தரையில் இரண்டு பெண்கள். ஒருத்தி கண்ணை இறுக மூடியிருக்கிறாள். மற்றவள் கதவைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். இருவர் கைகளும் கோத்திருக்கின்றன. இரண்டு பேரையும் ஒரே அளவில் வரைந்தேன். என் கைக்கு அதுவரை தெரியாத ஏதோ ஒன்று அந்தப் படத்தில் வந்திருந்தது. மற்ற பக்கங்களோடு அதையும் சேர்த்து எடுத்துக்கொண்டு, தாளாளரைப் பார்க்க அவருடைய பள்ளிக்குப் போனேன்.

தாளாளர் நல்ல மனிதர். காபி வரவழைத்துக் கொடுத்து, ஒவ்வொரு படமாக ரசித்துப் பார்த்தார். வாழைத் தோட்டத்தைப் பார்த்து, "அப்படியே இருக்கு" என்றார். தீபாவளிப் படம் வந்ததும் நிறுத்திவிட்டார். நான் விஷயத்தைச் சொன்னேன். "சின்ன வயசுல தீபாவளிக்குப் புதுச் சட்டை போட்டுக்கிட்டு, அத்தைகிட்டக் காட்டணும்னு வருவோம். கதவு சாத்தியிருக்கும். சிஸ்டர் வந்து, டாக்டரம்மா தூங்குறாங்கன்னு சொல்லி அனுப்பிருவாங்க. அத்தைக்கு எங்களைப் பிடிக்கலைன்னுதான் இத்தனை வருஷமும் நெனச்சுக்கிட்டிருக்கேன்" என்றார். மேசை மேல் இருந்த பேனாவை எடுத்தார், வைத்தார். நான் சம்மதம் என்று நினைத்துவிட்டேன். ஆனால் அவர் படத்தைத் திருப்பி என் பக்கமாக நகர்த்தினார்.

"இது வேண்டாம்மா. இங்க படிக்கிற பிள்ளைங்க அத்தனை பேரு வீட்டுலயும் பட்டாசு வேலைதான். அப்பன் ஆத்தா அந்த வேலைக்குப் போயித்தான் இவங்க சாப்பிடுறாங்க. டாக்டரம்மாவே வெடிக்குப் பயந்தாங்கன்னு அவங்க கையில நான் எப்படிக் குடுக்க முடியும்?" என்றார். நானும் அந்த மண்ணில் பிழைக்கிறவள்தான். பட்டாசு லேபிளும் வரைகிறவள்தான். "அப்படின்னா வேற ஒரு பக்கத்துலயாவது சிஸ்டரைப் போடலாமே" என்று கேட்டேன். "போட்டா, இவங்க யாருன்னு பிள்ளைங்க கேக்குமே. என்னன்னு சொல்றது?" என்றார். அவர் குதர்க்கமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார். "கூட இருந்தவங்கன்னு சொல்லலாம்" என்றேன். "கூட இருந்தவங்கன்னா?" அக்கா, தங்கை, மகள், வேலைக்காரி என்று எந்த வார்த்தையைப் போட்டாலும் அது அவர்களுக்குப் பொருந்தாமல் எங்கேயோ இடித்தது. நான் படங்களை அடுக்கிக்கொண்டு எழும்போது, அவர் தமிழாசிரியரின் தாளை இழுத்து, கடைசி வரியிலிருந்த இரண்டு 'தன்னந்தனியாக'வையும் பேனாவால் அடித்தார். "இது மட்டும் தப்பு. இதை எடுத்துருங்க" என்றார்.

மேனேஜரிடமும் முறையிட்டுப் பார்த்தேன். "ஆர்டர் அவங்களோடது. நீங்க ஏன் இதுல இம்புட்டு வெசனப்படுதீக?" என்று அவர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஜன்னலோரப் படம் மறுபடி உள்ளே போனது. விளக்கு, பிறை நிலா, பனைமரம், ஒற்றைப் பெண். புத்தகம் அழகாக வந்தது.

முதல் பிரதிகள் கைக்கு வந்த வாரம் மல்லாங்கிணறுக்குக் கொண்டுபோனேன். சிஸ்டர் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். ஒரு பக்கத்தைத் தாண்ட அவருக்கு வெகுநேரம் ஆயிற்று. "இந்தக் கரை போட்ட சேலை நான் எடுத்துக் குடுத்தது. வேண்டாம் வேண்டாம்னுட்டு அதையேதான் கட்டுவாக." அடுத்த பக்கத்தில், "கண்ணாடிக் காலு ஒடஞ்சதும் நூலு சுத்திக் குடுத்தேன், அதையும் போட்டிருக்க." அந்தப் புத்தகத்தில் அவர் கை படாத பொருள் எதுவும் இல்லை, எல்லாமே அவர் சொல்லி நான் வரைந்தவை. கடைசிப் பக்கம்வரை போய், மூடி, மறுபடி முதலிலிருந்து புரட்டினார். "நான் எங்கனயும் இல்லியோ?" என்று கேட்டார். "இல்ல சிஸ்டர்" என்றேன். "சரி" என்றார். வாசலில் காய்ந்த துணியை எடுக்கப் போனார். மடித்து வைத்தார். நான் பையிலிருந்து தீபாவளிப் படத்தை எடுத்து, இதை உங்களுக்கென்றே வைத்திருந்தேன் என்று கொடுத்தேன்.

அவர் முகம் மலரும் என்று நான் எதிர்பார்த்திருந்தேன். படத்தைப் பார்த்த சிஸ்டர் சட்டென்று அதன் மேல் துண்டைப் போட்டு மூடினார். "இது வராமப் போனது நல்லதாப் போச்சு தாயி" என்றார். எனக்குப் புரியவில்லை. "அவுக அப்பிடி ஒக்காந்திருக்கத ஒருத்தரும் பாக்கக் கூடாதுன்னுதான அம்புட்டு வருசமும் கதவச் சாத்துனேன். நானும் அங்கன இருந்தேன்னு காட்டிக்கிடணும்னு ஒரு ஆசையில ஒங்கிட்டச் சொல்லிப்புட்டேன். சொன்ன ராத்திரியிலருந்து எனக்கு மனசே சரியில்ல." கண்ணைத் துடைத்துக்கொண்டார். படத்தை நானே வைத்துக்கொள்ளச் சொன்னார். கிழித்துவிடட்டுமா என்று கேட்டதற்கு, "கிழிக்காத. நாங்க ரெண்டு பேரும் போன பெறகு யாருகிட்டயும் சொல்லிக்க. அப்ப யாருக்கு வெக்கம்" என்றார். இப்போது இதை எழுதுவது அந்த வார்த்தையின் தைரியத்தில்தான்.

கிளம்பலாம் என்று நான் எழுந்தபோது என் கையைப் பிடித்து உட்காரவைத்தார். "வேணும்னா நாங்க சண்ட போட்டத வரை. அதுல நானும் இருக்கேன்ல" என்றார். டாக்டரம்மாவுக்கு ரத்தக்கொதிப்பு வந்த பிறகு, சிஸ்டர் குழம்பில் உப்பைக் குறைத்துவிட்டாராம். ஊருக்கெல்லாம் உப்பைக் குறைக்கச் சொல்கிற டாக்டரம்மா, தன் தட்டை மட்டும் தள்ளிவைத்துவிட்டு, "மாட்டுக்குக் கழனித் தண்ணியா இது" என்று கத்துவார். "நீங்க படிச்ச படிப்புத்தான சொல்லுது" என்று சிஸ்டரும் கத்துவார். ஆஸ்பத்திரி வராந்தாவில் நோயாளிகள் வேடிக்கை பார்ப்பார்கள். அங்கேயே, அந்தத் தரையிலேயே உட்கார்ந்து அதை நான் வரைந்தேன். சிஸ்டர் என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து, "அவுக மூஞ்சி இன்னும் கோவமா இருக்கணும். ம்ஹூம், மூக்கு இன்னும் வெடைக்கணும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். தன் முறை வந்ததும், "என்னையக் கொஞ்சம் ஒல்லியாப் போடு" என்றார். அவர் சத்தம் போட்டுச் சிரித்து நான் கேட்டது அன்றைக்குத்தான். வெளியே பொழுது சாய்ந்து, கடைசி பஸ்ஸுக்கு ஓட வேண்டியதாகிவிட்டது.

புத்தக வேலை முடிந்துவிட்டது, ஞாயிற்றுக்கிழமைகள் முடியவில்லை. சில வருஷங்கள் அப்படியே போயின. நான் போக முடியாத வாரம் தன் தம்பி மகனின் போனிலிருந்து கூப்பிட்டு, "சாப்பிட்டியா தாயி?" என்று கேட்பார். நான் பதில் சொன்னதும் வைத்துவிடுவார். அவருக்குக் கேட்க வேண்டியது அவ்வளவுதான். இதற்கிடையில் கம்பெனியில் படங்களைக் கம்ப்யூட்டரே போட்டுக் கொடுக்கத் தொடங்கியது. பெரிய மனிதர்கள் இப்போது இன்னும் பளபளப்பாக, இன்னும் பெரிதாக, யாரும் பக்கத்தில் இல்லாமல் நிற்கிறார்கள். நான் வேலையை விட்டுவிட்டு, வீட்டிலேயே இருந்து கிடைத்ததை வரைகிறேன். இப்போதெல்லாம் யாராவது ஒரு பெரியவரின் கதையை அனுப்பிப் படம் கேட்டால், இவருக்கு யார் சோறு போட்டார்கள், காய்ச்சல் வந்தால் யார் பக்கத்தில் இருந்தார்கள் என்று கேட்டு எழுதுகிறேன். பெரும்பாலும் பதில் வருவதில்லை. வந்தாலும், அதெல்லாம் தெரியவில்லை என்று வருகிறது.

சிஸ்டர் இறந்த செய்தி போன கோடையில் வந்தது. வெயிலில் பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தபோது வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். உள்ளே பெண்கள் மெதுவாகப் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள். தாளாளரும் வந்திருந்தார். கையில் மாலையோடு, எங்கே நிற்பது என்று தெரியாதவரைப்போலத் தன் காரை ஒட்டி நின்றிருந்தார். என்னைப் பார்த்துத் தலையசைத்தார். சிஸ்டரைப் பெட்டியில் கிடத்தி, கழுத்துவரை வெள்ளைத் துணி போர்த்தியிருந்தார்கள். ஜமுக்காளம் முழுக்கச் சொந்தக்காரப் பெண்கள். சுவரோரம் நின்றிருந்த இரண்டு பேர், "கலியாணம் காச்சின்னு ஒண்ணும் இல்லாம, தனியாவே இருந்து போயிருச்சு" என்று பேசிக்கொண்டார்கள். நான் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உள்ளே போக எனக்கு எந்த உரிமை இருக்கிறது என்று தெரியவில்லை. அந்த வீட்டில் சிஸ்டரைத் தவிர எவரோடும் நான் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசியதில்லை.

பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு வயதான அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். சாடையைப் பார்த்தால் சிஸ்டரின் தங்கையாக இருக்கும். பாட்டு ஒன்று முடிந்ததும், "நீங்க அக்காவுக்கு என்ன முறை வேணும்?" என்று கேட்டார். எல்லாரும் திரும்பினார்கள். தாளாளரின் அறையில் எனக்குக் கிடைக்காத வார்த்தை அங்கேயும் கிடைக்கவில்லை. "முறையெல்லாம் இல்ல. ஞாயித்துக்கிழம வருவேன்" என்றேன்.

அந்த அம்மா பக்கத்தில் இருந்தவரைக் கையால் நகர்த்தி, பெட்டியின் தலைமாட்டில் இடம் விட்டார். "ஞாயித்துக்கிழமப் பிள்ளையா? அங்கன எதுக்கு நிக்கீக, இங்கன வாங்க" என்றார். நான் உள்ளே போய் உட்கார்ந்தேன்.